சுடலைக்குமார் அடித்த பந்தும் டெனிஸ் தூக்கிய கையும்

பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பொட்டலில் சுடலைக்குமார் அடித்த பந்து, கோவில்பட்டி ரயில் நிலையத்தைத் தாண்டி, கழுகுமலை உச்சியில் ஒரு குத்துக் குத்தி எழும்பி, சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருடைய கிளாசுக்குள் போய் விழுந்தது. அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அதனால்தான் இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பந்து கிடைக்கவில்லை.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். டீக்கிளாஸ் என் சொந்தச் சரக்கு. மலையில் குத்தி எழும்பியதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வருகிற வகுப்பில் பிள்ளைகள் தூங்கி விழாமல் இருக்க, ராஜாக்களின் படையில் நூறு இருநூறு யானைகளைக் கூட்டிச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. ஆனால் பந்து கிடைக்கவில்லை என்பது சத்தியம். அது எங்கே போயிற்று என்பதில்தான் எங்கள் ஊருக்கும் கழுகுமலைக்கும் வழக்கு தீராமல் கிடந்தது.

சுடலைக்குமாருக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பசுவந்தனை ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் வாசல் கேட்டுக்கு அவரிடம்தான் போவார்கள். "நாளைக்குத் தாரேன் அண்ணாச்சி" என்பார். அந்த நாளை வருவதற்குள் வீட்டுக்காரர் பால் காய்ச்சிக் குடியேறி, நாய் நுழையாமல் இருக்க வாசலில் ஒரு பழைய கட்டிலைக் குறுக்கே சாய்த்து வைத்திருப்பார். கேட் வந்துவிட்டால் பேரன் காலத்திலும் அசையாது, அது வேறு விஷயம். அவருடைய உடம்பும் அந்த மாதிரிதான். பட்டறை வாசலில் அவர் நின்றால் பட்டறைக்குத் தனியாகக் கதவு வேண்டாம்.

அவர் அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரிக் கரிசல் இருந்தது. உளுந்து, கம்பு, பருத்தி. உளுந்தஞ்செடியைப் பிடுங்கிக் களத்தில் காயப்போட்டு நீளக் கம்பால் அடிப்பார்கள். சுடலைக்குமார் அடித்தால் பாதி உளுந்து அடுத்த களத்தில் போய் விழும். அடுத்த களத்துக்காரர் அதைப் பற்றி ஒருநாளும் புகார் சொன்னதில்லை.

அந்த அடியைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் பூவனநாதன் சார் அவரைப் பேஸ்பாலுக்கு இழுத்தார். கரிசல்காட்டில் பேஸ்பால் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சார்தான் கொண்டுவந்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் தெளிவானது.

"கோவில்பட்டிப் பய பூரா ஹாக்கி மட்டையோட பொறந்தவன். அவன்கிட்ட நம்மால மல்லுக்கட்ட முடியாது. கிரிக்கெட்டுன்னா தெருவுக்கு நாலு டீமு. ஆளே இல்லாத ஆட்டமாப் பாத்து ஆடுங்கல. அப்பதான் எவனாவது சர்டிபிகேட் குடுப்பான்."

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் சுலபமாகப் புரியும். ஸ்டம்பு கிடையாது. நாலு மூலைக்கு நாலு சாக்கு. அடித்துவிட்டு நாலையும் தொட்டுச் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். ஒரே அடியில் நாலையும் சுற்றிவிட்டால் அதற்குப் பெயர் ஹோம் ரன். எங்கள் ஊரில் பருத்திக் கழிவை அடைத்த உரச்சாக்குகள்தான் மூலைகள்.

முதல் மாதம் சுடலைக்குமார் அடித்த பந்தெல்லாம் தரைக்குள்தான் போயிற்று. உளுந்து அடித்த கை, மேலிருந்து கீழேதான் வரும். சார் ஒரு பருத்தி மூட்டையை வேப்பமரத்தில் இடுப்பு உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டு, பக்கவாட்டில் அடிக்கச் சொன்னார். மூட்டை கிழிந்தது. இன்னொரு மூட்டை கட்டினார்கள். அதுவும் கிழிந்தது. மூன்றாவதற்கு யாரும் பருத்தி தரவில்லை. அதற்குள் கை திரும்பிவிட்டது.

பிறகு மட்டை உடைந்தது. மாவட்டத்தில் இருந்து வந்த ஒரே மட்டை. சுடலைக்குமார் நேரே நாலு வீடு தள்ளியிருந்த காளீஸ்வரி வீட்டுக்குப் போய் அவர்கள் உலக்கையைக் கேட்டார். நுனியில் இருந்த இரும்புப் பூணைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைச் சீவி, அதை மட்டையாக்கிக்கொண்டார். ஒரு வருஷம் கழித்து அதே வீட்டுக்குப் போய்ப் பெண்ணையும் கேட்டார். இரண்டையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்த உலக்கையைப் பற்றி, எங்களைப் பார்த்துப் பேஸ்பாலுக்கு ஆள் சேர்த்த கழுகுமலைக்காரர்கள் சொல்லாதது இல்லை. பூண் உள்ளேயே இருக்கிறது, ஈயம் காய்ச்சி ஊற்றியிருக்கிறது, மந்திரித்த கயிறு சுற்றியிருக்கிறது என்றெல்லாம் பேசினார்கள். சார் அதைத் தராசில் நிறுத்துக் காட்டினார். தராசு எங்கள் ஊர்த் தராசு என்றார்கள். அவர்களுக்கு அதைவிட எரிச்சல் வேறொன்று. சுடலைக்குமார் அடித்ததும் ஓட மாட்டார். உலக்கையை ஊன்றிக்கொண்டு, பந்து போகிற திசையைக் கல்யாண ஊர்வலம் பார்ப்பதுபோலப் பார்த்து, மீசையை ஒருதரம் தடவிவிட்டுத்தான் கிளம்புவார். பந்து போட்டவனுக்கு வயிறு எரியுமா, எரியாதா?

கழுகுமலைக்குப் பந்து போட்டவர் லிங்கராஜ். ஒல்லியான ஆள், முன்கோபி. இப்போது ஒரு தீப்பெட்டி ஆபீசில் மேஸ்திரி. அவர் போடுகிற பந்தை மற்றவர்கள் கண்ணால் பார்ப்பதே கஷ்டம் என்பார்கள். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

எங்கள் மண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சித்திரை வைகாசியில் கரிசல் வெடித்துக் கிடக்கும். கோழிக்குஞ்சு விழும், செருப்பு விழும், என் மூக்குக்கண்ணாடி ஒருமுறை விழுந்தது. பந்து விழாதா? அதற்காகப் பூவனநாதன் சார் ஒரு விதி போட்டிருந்தார். உலகத்தில் எந்தப் பேஸ்பாலிலும் இல்லாத விதி. பந்து வெடிப்புக்குள் போய்விட்டால், பக்கத்தில் நிற்கிறவன் ஒரு கையை உயரத் தூக்க வேண்டும். அடித்தவன் எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் இரண்டாவது சாக்கோடு நின்றுகொள்ள வேண்டும். இந்த விதியை வைத்துக்கொண்டு இரண்டு ஊரும் ஒழுங்காகத்தான் ஆடிக்கொண்டிருந்தன, அந்த வைகாசி ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று கடைசி ஆட்டம். எங்கள் ஊர் ஒரு ஓட்டம் பின்னால் இருந்தது. எங்கள் ஆள் ஒருவன் முதல் சாக்கில் நிற்கிறான். சுடலைக்குமார் உலக்கையோடு வந்தார். அவர் முழுசாகச் சுற்றி வந்தால் இரண்டு ஓட்டம், ஆட்டம் முடிந்தது, கோப்பை எங்களுக்கு. லிங்கராஜ் போட்டார். இவர் அடித்தார். வழக்கம்போல நின்று பார்த்தார்.

பந்து ரோட்டுப் பக்கம் போயிற்று. அங்கே கழுகுமலைக்கு நின்றவன் டெனிஸ். அன்றைக்கு ராத்திரி ரயிலில் பம்பாய்க்கு வேலைக்குப் போக வேண்டியவன். ஆள் பற்றவில்லை என்று லிங்கராஜ் கெஞ்சி இழுத்து வந்திருந்தார். பையன் பெட்டி படுக்கையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஆடினான். பந்து அவன் பக்கம் போய் விழுந்தது. அவன் கை மேலே எழுந்தது. அதே நேரத்தில் கோவில்பட்டி போகிற பேருந்து ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. நின்றது. டெனிஸ் ஏறினான். பேருந்து போய்விட்டது.

சுடலைக்குமார் நாலு சாக்கையும் சுற்றி வந்து சேர்ந்தார்.

"வெடிப்பு! கையத் தூக்குனான்! ரெண்டாவது சாக்குக்குப் போகச் சொல்லுங்க!" என்று லிங்கராஜ் கத்தினார்.

"பஸ்ஸுக்குக் கை காட்டுனாம்ல. நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்" என்றார் அம்பயராக நின்ற பூவனநாதன் சார். ஹோம் ரன் கொடுத்துவிட்டார். எங்கள் ஊர் ஜனம் உள்ளே புகுந்து சுடலைக்குமாரைத் தூக்கியது. தூக்க முடியாமல் கீழேயும் போட்டது. பந்தை இருட்டும் வரை தேடினார்கள். வெடிப்பிலும் இல்லை, ரோட்டிலும் இல்லை.

அன்றுமுதல் எங்கள் ஊரில் அவர் 'ஹோம் ரன்' சுடலைக்குமார். கழுகுமலையில் 'உலக்கை' சுடலைக்குமார். கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே இரண்டு ஊர்க்காரர்கள் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தாலும், ரசம் வருவதற்குள் டெனிசின் கை மேலே எழுந்துவிடும்.

டெனிசைக் கேட்டால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றாமல் இல்லை. அவர் பம்பாயில் இருந்து மஸ்கட் போய்விட்டார். தூத்துக்குடியில் பெண் எடுத்தார். லீவில் வந்தால் மாமனார் வீட்டோடு திரும்பிவிடுவார். வாட்ஸ்அப் வந்த பிறகு ஒருவன் அவர் நம்பரைப் பிடித்துக் கேட்டான்: "அண்ணாச்சி, அன்னைக்குக் கையத் தூக்குனது பந்துக்கா, பஸ்ஸுக்கா?" டெனிஸ் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பினார். இரண்டு ஊரும் அதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டன.

இவ்வளவு நாள் இது வாய்ப்பேச்சுதான். போன வருஷம்தான் இரும்பு ஏறியது.

எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பேஸ்பாலில் மாநிலப் போட்டிவரை போய் வந்தார்கள். அதைச் சாக்கிட்டுப் பொட்டலுக்குச் சுற்றுச்சுவரும் வாசலும் கிடைத்தன. வாசலில் ஒரு வளைவு. வளைவில் ஒரு பெயர் வேண்டும். இளைஞர்கள் கூட்டம் போட்டு, "சுடலைக்குமார் விளையாட்டுத் திடல்னு வச்சா என்ன?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், முடிவு செய்யவில்லை. வளைவு செய்கிற வேலை யாரிடம் போகும்? சுடலைக்குமாரிடம்தான். கேட்டுக்கு நாளை நாளை என்று ஆறு மாதம் இழுக்கிற மனிதர், இந்த வேலையில் மட்டும் மூன்றே நாளில் தன் பெயரை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, சிவப்புப் பெயிண்டும் அடித்துக் காயப்போட்டுவிட்டார்.

நான் அந்தப் பக்கம் போனபோது பட்டறைச் சுவரில் பெயர் சாய்ந்து நின்றது.

"என்ன சுடலை, கூட்டத்துல முடிவாயிட்டா?"

"முடிவாகும்லா டீச்சர். அதுக்குள்ள எழுத்து காயட்டுமேன்னு பாத்தேன்."

காளீஸ்வரி உள்ளேயிருந்து சொன்னாள்: "ராத்திரி எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாக்காவ டீச்சர். எவனாவது தூக்கிட்டுப் போயிருவானாம். அந்தப் பேரத் தூக்கிட்டுப் போயி எவன் என்ன செய்வான்?"

சிரித்தேன். ஆனால் அவர் அந்த எழுத்துகளைத் துடைத்த விதத்தைப் பார்த்தபோது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. அந்த மனிதர் சம்பாதித்தது ஒரு பட்டறை, ஒரு வீடு, ஒரு அடி. முதல் இரண்டையும் யாரும் மறுக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு ஆட்டம் வேண்டும். பேஸ்பால் ஆட எங்களுக்கு எதிரே வேறு யார் இருக்கிறார்கள்? கழுகுமலைப் பெண்பிள்ளைகள்தான். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் லிங்கராஜ். சொல்லியனுப்பிவிட்டார்: "அந்த உலக்கப் பேரு இருக்குத வாசல் வழியா என் பிள்ளைக நுழையாது." உடனே எங்கள் இளைஞர்களுக்கு நடுக்கம். வம்பு எதற்கு, 'இளைஞர் விளையாட்டுத் திடல்' என்று பொதுவாக வைத்துவிடலாம் என்று ஆரம்பித்தார்கள். சுடலைக்குமார் அந்தச் சிவப்பு எழுத்துகளைச் சாக்குப் போட்டு மூடினார். ஒரு வாரம் யாருடைய கேட்டும் வெளியே வரவில்லை. எப்போதும் வராததுதான், ஆனால் இந்தத் தடவை வெல்டிங் சத்தமும் இல்லை.

அந்த நேரத்தில்தான் டெனிஸ் வந்து இறங்கினார். கழுகுமலையில் தங்கை மகள் கல்யாணம். தேவாலயத்தில் தாலி ஏறி முடிந்து, பந்தியில் கையைக் கழுவக்கூட விடவில்லை. லிங்கராஜ் அவரைத் தன் வண்டியில் பின்னால் உட்காரவைத்து எங்கள் ஊர்ப் பொட்டலுக்கே கொண்டுவந்துவிட்டார். சாயங்காலம். பாதி கட்டிய சுவரோரம் அடுக்கியிருந்த கற்களில் இரண்டு ஊரும் உட்கார்ந்தன. டெனிசுக்கு முன்தலையில் முடி இல்லை, கழுத்தில் கல்யாண வீட்டுச் சந்தனம் காயவில்லை.

"டெனிசு," என்றார் லிங்கராஜ், "பைபிள் மேல கை வைக்கச் சொல்லல. நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. எதுக்குல கையத் தூக்குன?"

"அவன் கைய ஒரு எடத்துலயும் வைக்க வேண்டாம்," என்றார் பூவனநாதன் சார். "அந்தக் கையால பட்டது போதும். வாயால சொல்லட்டும்."

டெனிஸ் சுடலைக்குமாரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பந்து என் கண்ணு முன்னாலதான் வெடிப்புக்குள்ள போச்சு சார். அதுக்குத்தான் கையத் தூக்குனேன்."

கழுகுமலைப் பக்கம் ஒரே கூச்சல். விசில் அடித்தார்கள். சுடலைக்குமாரின் அவ்வளவு பெரிய உடம்பு எப்படி அந்தச் சின்னக் கல்லில் அடங்கியது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பெறவு?" என்றார் சார்.

"பெறவு பஸ்காரன் ஆரன் அடிச்சான். அத விட்டா ரயிலு போச்சு. தூக்குன கைய அப்படியே ரோட்டுப் பக்கம் திருப்புனேன். வண்டி நின்னுது. பெட்டியத் தூக்கிட்டு ஏறிட்டேன்."

லிங்கராஜ் எழுந்துவிட்டார். "ஏறிட்டியா? வெடிப்ப விட்டுட்டு ஏறிட்டியா? ஏலே, சார் வந்து பாக்குத வரைக்கும் அந்த எடத்த விட்டு அசையக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனல! அசஞ்சா அடிச்சவனுக்கு முழுச் சுத்துன்னு எத்தன தடவ சொல்லிருப்பேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

"லிங்கராசு," என்றார் பூவனநாதன் சார் மெதுவாக, "இன்னொரு தடவ சொல்லுப்பா. எனக்கு வலது காது கொஞ்சம் மந்தம்."

விதி அதுதான். வெடிப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கை தூக்கியவன் நகர்ந்தால் எந்த வெடிப்பு என்று யார் சொல்வது? அதனால் நகர்ந்தால் அடித்தவனுக்கே ஹோம் ரன் என்று சார் அந்தக் காலத்திலேயே சொல்லியிருந்தார். சொன்னவரும் மறந்திருந்தார், நாங்களும் மறந்திருந்தோம். லிங்கராஜ் மட்டும்தான் மறக்கவில்லை. ஆனால் கை எதற்கு என்ற சண்டையில், பஸ் ஏறியதும் நகர்ந்ததுதான் என்று அவருக்கும் தோன்றாமல் போயிற்று.

எங்கள் பக்கம் கூச்சல் எழுந்தது. சுடலைக்குமார் மட்டும் எழுந்து டெனிசிடம் போனார்.

"எந்த எடத்துல விழுந்துச்சு? காட்டு."

டெனிஸ் நடந்தார். சுடலைக்குமார் நின்ற இடத்தில் இருந்தே சொன்னார்: "இன்னும் போ."

டெனிஸ் கொஞ்சம் போய் நின்றார்.

"இன்னும் தள்ளிப் போல."

"இங்கனதான் அண்ணாச்சி. அந்தா, அந்தக் கம்பம் நிக்குதே, அதுக்கு இந்தப் பக்கம்."

"நல்லா யோசிச்சுப் பாரு. ரோட்டு ஓரமா இருக்கும்."

"பந்தப் பாத்தவன் நானா, நீங்களா?"

கழுகுமலைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள், கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. காளீஸ்வரி முகத்தைத் திருப்பாமலே சிரித்தாள். ஊர் சொன்ன தூரத்தில் பாதி கூட வராது.

லிங்கராஜ் சிரிக்கவில்லை. வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார், அது கிளம்பவில்லை. சுடலைக்குமார் போய் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தார்.

"பிள்ளைகளக் கூட்டிட்டு வருவியா, மாட்டியா?"

"உம் பேரு அங்கன தொங்கட்டும், எனக்கென்ன? ஆனா ஒண்ணு சொல்லு. நான் போடாம நீ எதல அடிச்சிருப்ப? காத்தையா? அந்தப் பந்து மாதிரி நான் வாழ்க்கையில போட்டதில்ல. அத எவனாவது ஒரு நாளு பேசுனானா?"

சுடலைக்குமார் கைப்பிடியை விட்டுக் கையை எடுத்தார். "நல்ல பந்துதான்," என்றார். "எனக்கு அது கண்ணுக்கே தெரியல. உத்தேசமாத்தான் சுத்துனேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. லிங்கராஜ் வண்டியை உதைப்பதை நிறுத்தினார்.

எங்கள் பக்கத்தில் கோயில் மணியில் இருந்து நிழற்குடைப் பெஞ்சு வரை உபயம் எழுதாத பொருள் கிடையாது. ஒரு மின்விசிறி கொடுத்தாலும் மூன்று இறக்கையிலும் கொடுத்தவர் பெயர் சுற்றும். அந்த வழக்கம்தான் கடைசியில் கைகொடுத்தது. திறப்பு விழாவுக்குக் கழுகுமலைப் பிள்ளைகள் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள், ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்துவிட்டும் போனார்கள். வளைவில் மேலே பெரிய எழுத்தில் 'சுடலைக்குமார் விளையாட்டுத் திடல்'. அதற்குக் கீழே, எறும்பு வந்து படிக்கிற அளவுக்குச் சின்ன எழுத்தில், 'பந்து உபயம்: கழுகுமலை லிங்கராஜ்'.

இதுவரை எழுதியதைக் காளீஸ்வரியிடம் வாசித்துக் காட்டினேன். நான் கூட்டிச் சொன்ன எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. இந்த இடத்தில்தான் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எறும்பு எழுத்தா? யாரு சொன்னா? கண்ணாடியப் போட்டுட்டுப் போயிப் பாத்துட்டு எழுதுங்க டீச்சர். ரெண்டு பேரு பேரும் ஒரே உசரம். அளந்துதான் வெட்டுனாவ. இன்னும் சொல்லப்போனா இவிய பேரு, யாரோ வேண்டாம்னு திருப்பிப் போட்ட பழைய கேட்ட அறுத்துச் செஞ்சது. லிங்கராஜ் அண்ணாச்சி பேருக்குத்தான் கடையில போயிப் புதுக் கம்பி வாங்கிட்டு வந்தாவ. ஏன், உங்க பேருல துரு ஏறாதான்னு கேட்டேன். 'ஏறுனா நான் பக்கத்துல இருக்கேன், பெயிண்ட் அடிச்சுக்கிடுவேன். அவன் கழுகுமலையிலேருந்துல்லா வரணும்'னாவ."